மாமியார் பேரை எங்கே எழுதுவது?

சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை, சேமநிதி என்று எழுதி எழுதி எனக்கும் கை வலிக்கிறது. படித்துப் படித்து உங்களுக்கும் அலுத்திருக்கும். இந்த வாரம் மாமியார் மாமனார் கதை பேசுவோம். கடைசியில் சுற்றி வளைத்துச் சேமநிதியில்தான் வந்து நிற்பேன். அது யூனியன்காரி புத்தி, மாறாது. போகிற வழியில் கொஞ்சம் சிரித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

மாமியார் என்றாலே சினிமாக்காரர்களுக்கு ஒரே முகம்தான் தெரியும். கண்ணை உருட்டுவார், சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பார், மருமகளை அடுப்படியில் வைத்து வாட்டுவார். எங்கள் லயத்து மாமியார்களிடம் சாவிக்கொத்து ஏது? வீட்டுக்கே ஒரு பூட்டுத்தான், அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. விடியற்காலை பெரட்டுக்கு மாமியாரும் மருமகளும் ஒன்றாகத்தான் ஓடினார்கள். ஒரே நெற்றி விளக்கு வெளிச்சத்தில் தீம்பாருக்குப் போய், ஒரே காண்டாவை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் பழமொழி. தோட்டத்தில் அந்தப் பழமொழி செல்லாது. மாமியார் கொட்டினாலும் மருமகள் கொட்டினாலும் பால் பால்தான். கிராணி கணக்கில் குறைவது குறைவதுதான். சாயந்தரம் வீட்டில் சண்டை போடலாம் என்றால், இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. சண்டைக்குக்கூடத் தெம்பு வேண்டுமே!

நான் செமினி பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன், மாமனாரை மாமா என்று. நீங்களும் அப்படித்தான். யோசித்துப் பாருங்கள், நம் பாஷையில் எவ்வளவு பெரிய விஷயம் இது! அப்பாவின் அக்கா தங்கையும் அத்தை, புருஷனைப் பெற்றவளும் அத்தை. அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமா, புருஷனின் தகப்பனாரும் மாமா. கலியாணம் ஆவதற்கு முன்பே சொந்தக்காரராக இருந்தவர் போலத்தான் கூப்பிடுகிறோம். இங்கிலீஷ்காரன் 'சட்டப்படி அம்மா' என்கிறான். சட்டம் இல்லாவிட்டால் அம்மா இல்லை என்று அர்த்தமோ என்னவோ. சம்பந்திக்கும் சகலைக்கும் அவனிடம் ஒரு சொல்கூடக் கிடையாது. மலாய்க்காரர்கள் இதில் நம் பக்கம். சம்பந்தியை அவர்கள் பெசான் என்பார்கள். சகலையும் ஓரகத்தியும் அவர்களுக்கு பீராஸ். செமினி பாசாரில் மீன் விற்கிற மாக்சிக்கும் எங்கள் அத்தைக்கும் பாதி மலாய் பாதி தமிழில் நடக்கிற பேச்செல்லாம் மெனாந்து கதைதான். மெனாந்து என்றால் மருமகள். அத்தை என்னை வைத்துக்கொண்டே என் கதையைச் சொல்லுவார்; அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார்; கடைசியில் ஒரு கெம்போங் மீன் கூடுதலாக விழும்.

பிரான்சு தேசத்து அறிஞர் லூயி துமோன் என்பவர் 1949, 50-ல் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வந்து தங்கி இந்த உறவுமுறையை ஆராய்ந்தார். தமிழர்களுக்கு மாமன் மச்சான் உறவு கலியாணப் பந்தலில் புதிதாகத் தொடங்குவது இல்லை, ரத்த உறவு மாதிரியே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது என்று எழுதினார். நமக்கு இதைச் சொல்ல பிரான்சிலிருந்து ஆள் வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வந்து சொன்ன பிறகுதான் நாமே நம்மைத் திரும்பிப் பார்க்கிறோம். ரவீந்திர ஜெயின் என்ற இந்திய ஆராய்ச்சியாளர் மலாயாவிலேயே ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி, நம் ஜனங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1970-ல் வெளிவந்தது. ஆராய்ச்சி இருக்கட்டும். நான் கதைக்கு வருகிறேன்.

அத்தைக்குக் கலியாணம் ஆனது 1975-ல். பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரும் ஒரே தோட்டம். பொண்ணு வீடு மேல் லயம், மாப்பிள்ளை வீடு நாலு லயம் தள்ளி. கலியாணமாகி இரண்டாம் மாதம் ஆடி பிறந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கம். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று ஊரில் சொல்லி வைத்தது. இந்த நாட்டில் சித்திரை என்ன, மார்கழி என்ன, எல்லா மாசமும் வெயிலும் மழையும்தான். ஆனாலும் கப்பலில் வந்த வழக்கத்தை விட முடியுமா? மாமாவைப் பெற்ற பாட்டி, அந்தக் காலத்து மனுஷி, ராத்திரியானால் வெற்றிலைத் தட்டோடு லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளைப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் "எங்கடா?" என்று குரல் வரும்.

பாட்டி ராத்திரிக்குத்தான் காவல் போட்டார். பகலை மறந்துவிட்டார். புதுப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. நிரை பிரித்துக் கொடுத்த மண்டோர் பெண்ணுக்குச் சித்தப்பா முறை. பாட்டி வேலை செய்ததோ புல்லு வெட்டுக் கும்பலில், இரண்டு மைல் தள்ளி. அந்த ஆடி முழுக்க ஒரு நாள்கூட மழை பெய்து வெட்டு நின்றுவிடக் கூடாது என்று இரண்டு பேர் மாரியம்மனை வேண்டிக்கொண்டார்களாம். மாரியம்மனிடம் போய் மழை வேண்டாம் என்று கேட்ட ஜோடி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரம் போனது. பால் நிறுக்கும்போது கிராணிக்குச் சந்தேகம். இந்த இரண்டு பேர் கணக்கில் மட்டும் பால் குறைகிறது. மண்டோரைக் கூப்பிட்டு, "என்னாய்யா இது, ரெண்டு நெறைக்கும் ஒரே சமயத்துல என்னா வியாதி?" என்றார். மண்டோர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆடி வியாதிங்க ஐயா. ஆவணி வந்தா தானா சரியாயிடும்" என்றாராம். கிராணியும் கலியாணமானவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் என் பெரிய நாத்தனார் பிறந்தார். சரியாகச் சித்திரை. பாட்டி ஆயம்மா, மருத்துவச்சி எல்லாரும் சுற்றி நிற்க, விரலை மடக்கி மடக்கி எண்ணினார். எண்ணி முடித்து, "அப்போ பால் கொறைஞ்சதுக்குக் கணக்கு இப்பத்தான் தெரியுது" என்றார். லயமே சிரித்தது. பிள்ளைக்கு ஐசியில் ஒரு பேர், லயத்தில் ஆடிப்பாலு என்று ஒரு பேர். இன்றைக்கு அவர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். கிள்ளானில் இருக்கிறார். கலியாண வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் பார்த்தால் "என்னா ஆடிப்பாலு, சௌக்கியமா?" என்கிறார்கள். அவருடைய மருமகள் அர்த்தம் கேட்டு நச்சரிக்கிறாள். யார் சொல்லுவது?

அந்தப் பாட்டி கதையையும் சொல்ல வேண்டும். அத்தைக்கு அவர் மாமியார். இரண்டு பேருக்கும் உப்பில் சண்டை. மருமகள் வைக்கிற குழம்பில் உப்புக் குறைச்சல் என்பது பாட்டியின் தினசரிப் பாட்டு. அவர் கையில் சிவப்பு ஐசி. 1968-ல் நிறைவேறி 1969-ல் அமலுக்கு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பிரஜை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். பாட்டியின் மூத்த மகன் அப்போதே குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். சின்ன மகன் இங்கே, பெரிய மகன் அங்கே. பாட்டி பத்து வருஷம் இங்கேயும் அங்கேயுமாக மனசை அலைய விட்டு, 1978-ல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் இடம் போட்டார்.

கிள்ளான் துறைமுகத்துக்கு லயமே லாரி பிடித்துப் போனது. பாட்டி மகனைக் கட்டி அழவில்லை, பேத்தியைக் கட்டி அழவில்லை, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாராம். "நான் போயிட்டா ஒனக்கு உப்புக் கொறைவுன்னு யாரு சொல்லுவா?" என்றாராம். மூன்று வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக அத்தை அடுப்படியில் மூக்கைச் சிந்தியிருக்கிறார். அன்றைக்கு அதே வார்த்தைக்குத் துறைமுகத்தில் நின்று அழுதார். அம்மிக்கல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போனார் பாட்டி. அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஏரோகிராம் வரும். யாரையோ வைத்து எழுதியது. அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, இரண்டாவது வரியிலேயே மருமகளுக்கு: இப்போ உப்பு சரியாப் போடுறாளா? பதிலுக்கு அத்தையும் ஆள் வைத்து எழுதுவார்: "போடுறேன், வந்து சாப்பிட்டுப் பாருங்க." 1985-ல் அந்தக் கப்பல் தீப்பிடித்து, கப்பல் பயணமே நின்று போனது. விமானத்துக்குக் கொடுக்க நம்மிடம் ஏது? பாட்டி வந்து சாப்பிட்டுப் பார்க்கவே இல்லை. அங்கேயே காலமானார், சேதி இங்கே வர மூன்று வாரம் ஆனது. இன்றைக்கும் அத்தை குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கிழவி இருந்தா கொறைன்னுதான் சொல்லும்" என்பார். இன்னொரு கல் உப்பு விழும். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் குழம்பு கரிக்கிறது என்று சொன்னால் நான் ஒன்றும் பேசுவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். கலியாணமாகி வந்தபோது நான் யூனியன் வேலையில் காலை வைத்திருந்தேன். பகலில் வேலை, ராத்திரியில் கூட்டம். ரிஞ்சிங் பக்கம், புரோகா ரோட்டுப் பக்கம் என்று தோட்டம் தோட்டமாகக் கெப்பிச்சாய் மோட்டார் சைக்கிளில் போவேன். ஒரு பொம்பளை ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் லயம் சும்மா இருக்குமா? அத்தை காதில் போட்டுவிட்டார்கள். நான் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கூட்டத்துக்குக் கிளம்பி வெளியே வந்தால், அத்தை தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவல் ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். "போ. இனிமே ரெண்டு பொம்பளை ராத்திரி பத்து மணிக்கு வர்றாங்கன்னு பேசட்டும்."

ஆறு வருஷம் அப்படி வந்தார். கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருவார். நான் கூட்டு ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். கை தட்டல் கேட்டால் விழித்துக்கொண்டு எல்லாரையும்விட அதிக நேரம் தட்டுவார். ஒரு தடவை மழை, கூரை ஒழுகுகிறது, ஜனங்கள் வேலை விட்டு வந்த களைப்பில் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேச எழுந்தேன். அத்தை எனக்கு முன்னால் எழுந்து, "மொதல்ல எல்லாருக்கும் தேத்தண்ணி குடுங்க. பொறவு யூனியன் பேசலாம்" என்றார். அன்றைக்குக் கேட்டவர்கள் அதிகம், சந்தாவும் அதிகம். சங்கத்துக் காரியதரிசி ஒருவர், "உங்க மாமியாரையே பேச வச்சிருக்கலாம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சம்பந்தி கதை ஒன்று, சுருக்கமாக. என் அப்பாவும் மாமாவும் சம்பந்தி ஆவதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. முதல் தீபாவளிக்கு அப்பா ஒரு நாட்டுச் சேவலோடு வந்தார். நல்ல சேவல், மாமாவுக்கு அதை அறுக்க மனசு வரவில்லை. பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குப் போகும்போது சீரோடு அதையே திருப்பிக் கொண்டு போனார். அப்பாவுக்கும் மனசு வரவில்லை. அடுத்து எங்கள் கோயில் திருவிழாவுக்குச் சேவல் மறுபடி செமினிக்கு வந்தது. இப்படி இரண்டு வருஷம் அது காஜாங் பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நாள் கண்டக்டர் மாமாவிடம், "பெரியவரே, இந்தச் சேவலுக்கு மாச பாஸ் எடுத்துடுங்க, கட்டுப்படியாகும்" என்றாராம். இப்போது காஜாங்குக்கு எம்.ஆர்.டி. ரயில் வந்துவிட்டது, 2017-ல். சேவலை அதில் ஏற்ற விடமாட்டார்கள்.

எல்லா வீட்டிலும் இப்படியா என்றால், இல்லை. சங்க ஆபீசில் என் எதிரே உட்கார்ந்து, மாமியார் வீட்டில் பட்ட அடியைத் துணி விலக்கிக் காட்டிய பெண்கள் உண்டு. அவர்களுக்கு நான் சிரிப்புக் கதை சொல்வதில்லை. போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கிறேன். 1994-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பயப்படாமல் போங்கள். மருமகள் கையால் பட்டினி கிடக்கிற மாமியார்களும் உண்டு. அதையும் பார்த்திருக்கிறேன். நல்லது இருக்கிற வீட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

எனக்குக் கலியாணமாகி மூன்றாம் வருஷம் தோட்டம் கைமாறியது. வீடு கட்டப் போகிறார்கள் என்றார்கள். செமினியை இன்றைக்குப் பார்க்கிறீர்களே, 2005-ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் நாட்டிங்ஹாம் இங்கே வந்தது, தாமான் மேல் தாமானாக எழும்பியது. ரப்பர் மரம் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்ட வேண்டும். ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு 1980-ம் ஆண்டு விதிமுறை இருக்கிறது: வேலைக் காலம் 2 வருஷத்துக்குக் குறைவென்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருஷம் வரை 15 நாள், 5 வருஷத்துக்கு மேல் 20 நாள். அத்தைக்குக் கணக்குப் போட்டபோது ஆபீஸ் ரிஜிஸ்தரில் பாதி வருஷத்தைக் காணோம். அத்தை பேசவே இல்லை. உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். திறந்தால் சம்பளத் துண்டுகள். மாதவாரியாக, நூல் போட்டுக் கட்டி. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி! "காகிதத்துல எழுதியிருந்தா என்னைக்காவது ஒதவும்னு கிழவி சொல்லிட்டுப் போச்சு" என்றார். அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். 20 நாள் கணக்கு முழுசாக வந்தது.

இந்தக் காகித விஷயத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று பேச வந்தேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் கலியாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாலி உண்டு, சாட்சிக்கு ஊர் உண்டு, பத்திரம் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் கலியாணத்துக்கான 1976-ம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் சடங்குப்படி நடந்த கலியாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்ததென்றால் பதிவு செய்தால்தான் கலியாணம். கோயிலில் மாலை மாற்றினது மட்டும் போதாது. (அந்தச் சட்டத்திலேயே ஒரு வேடிக்கை. நெருங்கிய ரத்த உறவில் கட்டக் கூடாது என்று பட்டியல் போட்டவர்கள், இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டலாம் என்று விலக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தாய்மாமன் சட்டப் புத்தகத்திலும் போய் உட்கார்ந்துவிட்டார்! டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், அது வேறு விஷயம்.) ஏற்றுக்கொள்கிறது என்பது சரி, ஆபீசுக்கு ஆபீஸ் கேட்பது காகிதத்தைத்தானே? மாமாவுக்கு நெஞ்சு வலி வர ஆரம்பித்ததும், நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பேரையும் 2011-ல் பதிவிலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அத்தை கலியாணப் புடவை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். மாமா வெள்ளை வேட்டி. பாரம் எல்லாம் எழுதி முடிந்ததும், மலாய் அதிகாரி ஒருவர், நல்ல மனுஷர், இரண்டு பேரையும் பார்த்து, இருவருக்கும் சம்மதம்தானே என்று கேட்டார். மாமா உடனே தலையாட்டினார். அத்தை தலையாட்டவில்லை. "முப்பத்தாறு வருஷம் பாத்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் டைம் குடுத்தா யோசிச்சுச் சொல்றேன்" என்றார். நான் மலாயில் சொன்னதும் அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பக்கத்து முகப்பில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமாவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. அத்தை கைநாட்டு வைக்கிற வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

மாமா காலமான பிறகு சேமநிதிப் பணம் எடுக்க, மற்ற காரியத்துக்கு என்று எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் நீட்டினோம். அத்தை ஒரு நாள்கூட அலையவில்லை.

ஆனால் எனக்கும் அத்தைக்கும் நடுவில் என்ன காகிதம் இருக்கிறது? இதை நான் தேடிப் பார்த்தேன். சொக்சோவில், தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால் சார்ந்திருப்போர் உதவித்தொகை துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவர்கள் இல்லையென்றால் பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள். தாத்தா பாட்டி வரைக்கும் தேடிப் போகிற சட்டம் மாமியார் வாசலில் மட்டும் நிற்பதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பிரிக்கிற 1958-ம் ஆண்டுச் சட்டத்தில், 1997 திருத்தத்துக்குப் பிறகு, துணைவருக்கு கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்கு கால் பங்கு. மருமகள் சொத்தில் மாமியாருக்கு ஒன்றும் கிடையாது. மாமியார் சொத்தில் மருமகளுக்கும் கிடையாது. நடுவில் நிற்கிற மகன் செத்தால்தான் இரண்டு பேர் பேரும் ஒரே தாளில் வரும். அந்த நாள் யாருக்கும் வேண்டாம்.

லீவும் அப்படித்தான். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சாவு லீவு என்று தனியாக ஒன்று இல்லை. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு 7 நாள் என்று 2023-ல் கொண்டு வந்தார்கள், நல்ல காரியம். சாவு வீட்டு லீவு கூட்டு ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கினால்தான் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் என்று எழுதியிருக்கும். மாமனார் மாமியார் இருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால் உங்கள் தோட்டக் கமிட்டியில் எழுதிக் கொடுங்கள். மாமியார் செத்த மறுநாள் வேலைக்கு வா என்று சொல்லுகிற ஒப்பந்தம் நமக்கு எதற்கு?

சேமநிதியில் வழி இருக்கிறது. வாரிசு நியமனத்தில் யார் பேரை வேண்டுமானாலும் எழுதலாம். முஸ்லிம் அல்லாதவர்கள் என்றால் எழுதின பேருக்கே பணம். இத்தனை பங்கு இவருக்கு, இத்தனை பங்கு அவருக்கு என்றும் பிரித்து எழுதலாம். காசு கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஐசியும், நியமிக்கிறவரின் ஐசி நம்பரும் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லை பிள்ளைகளிடம் சொல்லிக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து ஆட்களில் எத்தனையோ பேர் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் கிராணி எழுதிக் கொடுத்த பேரையே வைத்திருக்கிறார்கள். அதில் செத்துப்போனவர்கள் பேரும் இருக்கும். எழுதாமலே விட்டவர்களும் உண்டு. அவர்கள் வீட்டார் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த மாமியாருக்கு, வேறு யாரும் இல்லாத மாமனாருக்கு, ஒரு பங்கு எழுத மனசிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை. பேரைச் சரி பாருங்கள்.

நான் எழுதினேன். புருஷனுக்கு இத்தனை, பிள்ளைகளுக்கு இத்தனை, அத்தைக்குப் பத்து விழுக்காடு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை அடுப்படியில் இருந்தார். என்ன ஏது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். நான் செத்தால் அவருக்குப் பணம் வரும் என்பது விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு வரும்?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இன்னைக்கு ஒனக்குக் குழம்புல உப்பைக் கொறைச்சே போடுறேன். ஒனக்குப் பிரசர் இருக்குன்னு டாக்டர் சொன்னாரில்லே? பணத்துக்காக மருமகளுக்கு உப்பை அள்ளிப் போட்டான்னு நாளைக்கு எவளாவது பேசுவா" என்றார்.